பளிங்கு மாளிகையின் கதை

மணிமேகலைக் காப்பியத்தைக் கற்றோர் அதில் வரும் பளிக்கறையை மறந்திருக்க மாட்டார்கள். காவிரிப்பூம்பட்டினத்தை அடுத்த உவவனம் என்னும் சோலையில் அப்பளிக்கறை நிற்கிறது. உதயகுமரன் தன்னைத் தேடி வருவதை அறிந்த மணிமேகலை அதனுள்ளே புகுந்துகொள்கிறாள். உள்ளே இருப்பவரின் உருவம் வெளியே தெரியும். குரல் மட்டும் கேட்காது. சோலை நடுவே ஒளி ஊடுருவும் சுவர்களோடு ஒரு மாளிகை என்பது சாத்தனாருக்குக் கற்பனையிலே வாய்த்தது. பல நூற்றாண்டுகள் கழித்து, 1851-ஆம் ஆண்டில், லண்டன் மாநகரத்து ஹைடு பார்க் என்னும் பூங்காவிலே அத்தகைய மாளிகை ஒன்று இரும்பாலும் கண்ணாடியாலும் உண்மையாகவே எழுந்தது. அதைக் கட்டி முடிக்கும் முன்னரே 'பஞ்ச்' என்னும் நகைச்சுவை இதழ் அதற்குக் 'கிரிஸ்டல் பாலஸ்' என்று பெயர் சூட்டிவிட்டது. தமிழில் அதைப் பளிங்கு மாளிகை என்போம். பளிங்கு என்றவுடன் சலவைக் கல்லை எண்ண வேண்டா. தெளிந்த படிகத்தையே அச்சொல் நம் பழைய நூல்களிற் குறித்தது.

இம்மாளிகையின் வரலாறு விந்தையானது. ஓரிடத்தில் ஆறு மாதம் பொருட்காட்சி நடத்துவதற்கென்றே அது கட்டப்பட்டது. அந்த ஆறு மாதமும் உலகத்தின் கண்கள் அதன்மேல் இருந்தன. பிறகு அது வேறிடத்துக்குப் பெயர்ந்து, முன்னிலும் பெரிதாக எழுந்து, 82 ஆண்டுகள் நின்றது. அந்த 82 ஆண்டுகளும் பெரும்பாலும் கடனிலும் கவலையிலும் கழிந்தன. குறுகிய காலத்துக்கென்று அமைத்தபோது வெற்றி பெற்ற கட்டடம், என்றென்றைக்கும் என்று அமைத்தபோது ஏன் தளர்ந்தது? இவ்வினாவுக்கு விடை காண்பதற்கு நாம் அதன் பிறப்பிலிருந்தே தொடங்க வேண்டும்.

விக்டோரியா அரசியின் கணவரான ஆல்பர்ட் இளவரசரும், அரசாங்க அலுவலராயிருந்த ஹென்றி கோல் என்பவரும், எல்லா நாடுகளின் தொழிற் பொருள்களையும் ஒரே கூரையின்கீழ்க் கொண்டுவந்து வைக்க வேண்டும் என்று விரும்பினர். இதற்காக 1850-ஆம் ஆண்டு ஜனவரியில் அரசுக் குழு ஒன்று நிறுவப்பெற்றது. பொருட்காட்சி 1851 மே மாதம் முதல் நாள் திறக்கப்பட வேண்டும் என்று முடிவாயிற்று. இடம் கிடைத்தது, கட்டடந்தான் இல்லை. போட்டி ஒன்று அறிவித்தார்கள். 245 வரைபடங்கள் வந்து குவிந்தன. அவற்றுள் ஒன்றும் ஏற்றதாகத் தோன்றவில்லை.

ஆகவே கட்டடக் குழுவினர் தாமே ஒரு வரைபடம் தீட்டினர். புரூனல், ராபர்ட் ஸ்டீவன்சன், சார்லஸ் பாரி போன்ற பெரும் பொறியியல் அறிஞர்களும் சிற்ப வல்லுநர்களும் அக்குழுவில் இருந்தனர். ஆயினும் பலர் கூடிச் சமைத்த கறி போல் ஆயிற்று அவ்வரைபடம். நீண்டு தாழ்ந்த செங்கற் கட்டடம். அதன் நடுவிலே மிகப் பெரிய இரும்புக் குவிமாடம். அதைக் கட்டுவதற்கு ஒன்றரைக் கோடி செங்கற்களுக்குக் குறையாமல் வேண்டும். அதைப் பத்திரிகையிற் கண்டவுடனே பொதுமக்கள் சினங்கொண்டனர். ஆறு மாதக் காட்சிக்காக மக்களின் பூங்காவிலே இத்தனை செங்கல்லை அடுக்குவானேன்? காட்சி முடிந்தபின் அதை இடித்து அகற்றுவது யார்? பூங்காவிலுள்ள முதுபெரும் எல்ம் மரங்களை வெட்டுவதா? கர்னல் சிப்தார்ப் என்னும் பாராளுமன்ற உறுப்பினர் பொருட்காட்சியே கூடாதென்று முழங்கினார். திறப்பு நாளோ நெருங்கிக்கொண்டிருந்தது. பத்து மாதமே எஞ்சியிருந்தது.

இந்த நெருக்கடியில் வழி காட்டியவர் கட்டடக் கலைஞரும் அல்லர்; பொறியியல் பட்டம் பெற்றவரும் அல்லர்; ஒரு தோட்டக்காரர். ஜோசப் பாக்ஸ்டன் என்பது அவர் பெயர். 1803-இல் உழவர் குடும்பத்திற் பிறந்தவர். டெவன்ஷயர் பிரபுவின் சாட்ஸ்வொர்த் மாளிகையில் தலைமைத் தோட்டக்காரராய்ப் பணியேற்று, வெப்ப நாட்டுச் செடிகளைக் குளிர் தாக்காமல் வளர்க்கும் கண்ணாடிக் கூடங்களை அமைப்பதிலே பல்லாண்டுகள் பழகியவர். தென் அமெரிக்காவிலிருந்து வந்த பேராம்பற் செடி ஒன்றைத் தம் கண்ணாடிக் கூடத்தில் வளர்த்து, 1849 நவம்பரில் மலரச் செய்தார். அதன் இலைகள் தாம்பாளம் போல் விளிம்பு மடிந்து நீரில் மிதப்பவை. பல அடி அகலமுள்ளவை. பாக்ஸ்டனின் சிறு மகளை அவ்விலையொன்றின்மேல் நிறுத்தியபோதும் இலை அமிழவில்லை. இலையைப் புரட்டிப் பார்த்தால், நடுவிலிருந்து கிளைத்துச் செல்லும் தடித்த நரம்புகளும், அவற்றைக் குறுக்கே பிணைக்கும் மெல்லிய நரம்புகளும் தெரியும். மெல்லிய பரப்பு ஒன்று உறுதியான நரம்புகளின் துணையால் பெரும் பாரம் தாங்கக்கூடும் என்னும் பாடத்தை அந்த இலை அவருக்கு உணர்த்தியது.

1850 ஜூன் 11-ஆம் நாள் டார்பி நகரில் ரயில்வேக் கம்பெனியொன்றின் கூட்டத்தில் அமர்ந்திருந்த பாக்ஸ்டன், தம் எதிரே கிடந்த மை ஒற்றும் தாளில் தம் கருத்தைக் கிறுக்கினார். அந்தத் தாள் இன்றும் லண்டனிலுள்ள விக்டோரியா ஆல்பர்ட் காட்சிச்சாலையிற் பாதுகாக்கப்பட்டு வருகிறது. ஜூலை 6-ஆம் நாள் அவர் வரைபடம் பத்திரிகையில் வெளியாயிற்று. மக்கள் அதை வரவேற்றனர். அம்மாதத்திலேயே குழுவினரும் அதை ஏற்றனர். ஃபாக்ஸ் ஹெண்டர்சன் என்னும் ஒப்பந்தக்காரர்கள், காட்சி முடிந்தபின் கட்டடப் பொருள்களைத் தாமே எடுத்துக்கொள்வது என்ற உடன்பாட்டின்மேல், 79,800 பவுனுக்கு அதைக் கட்டித் தர ஒப்பினர்.

அப்படி என்ன புதுமை அதில் இருந்தது? நம் நாட்டுப் பந்தலை நினைத்துக்கொண்டால் இது எளிதில் விளங்கும். பந்தல் போடுவோர் ஒவ்வொரு திருமணத்துக்கும் புதிதாக மரம் அறுப்பதில்லை. ஒரே அளவுள்ள கால்களும் கழிகளும் கீற்றுகளும் அவர்களிடம் உண்டு. இடம் சிறிதானாற் சில கால்கள். பெரிதானாற் பல கால்கள். விழா முடிந்ததும் கட்டவிழ்த்து வண்டியில் ஏற்றி அடுத்த ஊருக்குக் கொண்டு செல்வர். பாக்ஸ்டனின் மாளிகையும் இரும்பாலும் கண்ணாடியாலும் போட்ட ஒரு மாபெரும் பந்தலே எனலாம். ஒவ்வொரு தூணுக்கும் அடுத்த தூணுக்கும் இடையே 24 அடி. அல்லது 24-இன் மடங்கான 48 அடி, 72 அடி. இந்த ஓர் அளவைத் திரும்பத் திரும்ப வைத்து 1,848 அடி நீளமும் 408 அடி அகலமும் உள்ள கட்டடத்தை அவர் அமைத்தார். அது பரவிய நிலம் ஏறத்தாழ 19 ஏக்கர்.

இந்த அளவுகளுக்கெல்லாம் அடிப்படையாய் இருந்தது ஒரு கண்ணாடிப் பலகையே. அக்காலத்தில் பலகைக் கண்ணாடியை இன்று போல் இயந்திரத்தால் வார்க்கவில்லை. உருகிய கண்ணாடியை நீண்ட குழலில் எடுத்து வாயால் ஊதி, நீண்டுருண்ட புட்டி போலாக்குவர். அதன் இரு முனைகளையும் அறுத்து, நெடுகப் பிளந்து, மீண்டும் சூடேற்றி விரித்துத் தட்டையாக்குவர். ஸ்மெதிக் என்னும் ஊரிலிருந்த சான்ஸ் சகோதரர் ஆலையிலிருந்து 49 அங்குல நீளமும் 10 அங்குல அகலமும் கொண்ட பலகைகள் வந்தன. அந்த நீளத்தைக்கொண்டே கூரையின் சரிவு வகுக்கப்பட்டது. மேடும் பள்ளமுமாக மடிந்த கூரையில், ஒவ்வொரு மடிப்பும் 8 அடி. மூன்று மடிப்புகள் சேர்ந்தால் 24 அடி. இவ்வாறு கண்ணாடி கூரையை அளந்தது. கூரை தூணை அளந்தது. தூண் மாளிகையை அளந்தது. ஏறத்தாழ மூன்று லட்சம் பலகைகள் இதற்குத் தேவைப்பட்டன.

இங்கே ஒரு பொருளாதார உண்மையையும் குறிப்பிட வேண்டும். இங்கிலாந்தில் கண்ணாடியின்மீது நெடுங்காலமாக விதிக்கப்பட்டிருந்த வரி 1845-இல் நீக்கப்பட்டது. அவ்வரி நீங்காதிருந்தால் இத்தகைய கட்டடத்தைக் கனவு காணவும் இயலாது. வீடுகளின் பலகணிகளுக்கு விதித்திருந்த வரிகூட 1851-இலேதான் ஒழிந்தது. வெளிச்சத்துக்கே வரி செலுத்திவந்த மக்களுக்கு வெளிச்சத்தாலேயே கட்டிய வீடொன்று எத்துணை வியப்பளித்திருக்கும் என்பதை எண்ணிப் பாருங்கள்.

தூண்களிலும் ஒரு நுட்பம் இருந்தது. அவை உள்ளே துளையுள்ள வார்ப்பிரும்புக் குழாய்கள். வெளிப் பருமன் எல்லாவற்றுக்கும் ஒன்றே. தாங்க வேண்டிய பாரத்துக்கு ஏற்ப உட்புறத் தடிப்பு மட்டும் வேறுபடும். ஆகவே எந்த உத்தரமும் எந்தத் தூணோடும் பொருந்தும். கூரையில் விழும் மழைநீர் மரத்தாற் கடைந்த தாரைகளின் வழியே ஓடி, தூண்களின் துளை வழியாகவே நிலத்தடி வடிகாலை அடைந்தது. அந்தத் தாரைகள் பணிக்காலத்தில் வேறொரு பயனையும் தந்தன. அவற்றின் விளிம்புகளே தண்டவாளம் ஆயின. கூரைவேலை செய்வோர் சிறு சக்கரவண்டிகளில் அமர்ந்து, கண்ணாடியைப் பதித்துக்கொண்டே பின்னோக்கி உருண்டு சென்றனர். ஒரு வாரத்தில் 80 பேர் 18,000 பலகைகளுக்கு மேற் பதித்தனர் என்பது கணக்கு.

முதல் தூண் நாட்டப்பட்டது 1850 செப்டம்பர் 26-இல். அந்த ஆண்டின் இறுதியில் ஏறத்தாழ 2,000 தொழிலாளர் ஒரே வேளையில் அங்கே உழைத்தனர். வந்திறங்கிய இரும்பு உத்தரங்களை அந்த இடத்திலேயே நீரழுத்தப் பொறியில் வைத்துச் சோதித்த பிறகே மேலே ஏற்றினர். ஒவ்வோர் உறுப்புக்கும் உரிய நுணுக்க வரைபடங்களை இரவும் பகலும் தீட்டியவர் ஒப்பந்தக்காரர்களில் ஒருவரான சார்லஸ் ஃபாக்ஸ். அம்மாளிகையின் இடிபாடுகளிற் கிடைத்த திருகாணிகளை ஆராய்ந்து 2024-இல் வெளியான ஆய்வொன்று, ஜோசப் விட்வொர்த் என்பவர் 1841-இல் வகுத்த ஒரே அளவுப் புரிகளே அவற்றில் இருந்தன என்று காட்டியது. ஒவ்வொரு பட்டறையும் தன் மனம்போல் புரி வெட்டிவந்த காலம் அது. எந்த ஆணியும் எந்த மரையிலும் பொருந்தும் என்ற ஏற்பாடு இல்லாவிடில், சில மாதங்களில் இவ்வேலை முற்றுப் பெற்றிருக்குமோ என்பது ஐயமே. பாக்ஸ்டனின் புகழுக்குப் பின்னே இத்தகைய எண்ணற்ற கைகளின் உழைப்பு மறைந்திருக்கிறது.

வெட்டக்கூடாது என்று மக்கள் போராடிய எல்ம் மரங்களுக்காக, மாளிகையின் நடுவே 108 அடி உயரமுள்ள வளைவுக் கூரை எழுப்பப்பட்டது. மரங்கள் நின்றபடியே நின்றன. மாளிகை அவற்றை அணைத்துக்கொண்டு எழுந்தது. 'காற்றடித்தால் இக்கட்டடம் சரிந்து விழும்' என்று அரசாங்க வானநூல் அறிஞரான ஏரி என்பவர் எச்சரித்தார். மேல்மாடங்கள் நடுங்குமோ என்று பலர் அஞ்சினர். ஆகவே மாதிரி மேல்மாடம் ஒன்றின்மீது போர்வீரர்களைக் காலொத்து நடக்கச் செய்து பார்த்தனர். அது அசையவில்லை.

குறித்தபடி 1851 மே முதல் நாள் விக்டோரியா அரசி பொருட்காட்சியைத் திறந்துவைத்தார். ஏறத்தாழ 14,000 பேர் அனுப்பிய, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பொருள்கள் அங்கே வைக்கப்பட்டிருந்தன. முதலிற் செல்வர்களே வந்தனர். மே 26-ஆம் நாள் முதல் வாரத்தில் நான்கு நாட்களுக்கு ஒரு ஷில்லிங் கட்டணம் என்று குறைத்தனர். 1848-இல் ஐரோப்பா எங்கும் புரட்சித் தீ மூண்டிருந்த நினைவு இன்னும் மாறாத காலம். தொழிலாளர் கூட்டங்கூட்டமாக லண்டனுக்கு வந்தாற் கலகம் விளையும் என்று பலர் நடுங்கினர். தாமஸ் குக் என்பவர் ஏற்பாடு செய்த ரயில்களிலும் மற்ற ரயில்களிலும் ஆலைத் தொழிலாளரும் உழவரும் குடும்பத்தோடு வந்தனர். கலகம் ஏதும் விளையவில்லை. அவர்கள் இயந்திரங்களின் முன்னே நின்று நெடுநேரம் உற்று நோக்கினர், கட்டுச் சோற்றை உண்டனர், வீடு திரும்பினர். அக்டோபர் 7-ஆம் நாள் மட்டும் 1,09,000 பேருக்கு மேல் வந்தனர். மூடும் வரையில் வந்தோர் தொகை 60 லட்சத்தைக் கடந்தது. மேட்டுக்குடியினரும் உழைப்பாளரும் ஒரே கூரையின்கீழ் அச்சமின்றி உலவலாம் என்று மெய்ப்பித்தது அம்மாளிகை ஆற்றிய முதற் பெருந்தொண்டு.

அங்கே இந்தியாவுக்கும் இடம் இருந்தது. ஆனால் அதை அமைத்தது கிழக்கிந்தியக் கம்பெனி. பஞ்சாபைக் கைப்பற்றிய 1849-ஆம் ஆண்டில், பத்து வயதுச் சிறுவரான துலீப் சிங் அரசரிடமிருந்து பெற்ற கோஹினூர் வைரம் இரும்புக் கூண்டிலே வைக்கப்பட்டிருந்தது. அது போதிய அளவு ஒளிரவில்லை என்று கூட்டத்தினர் குறைப்பட்டனர். மறு ஆண்டிலே அதைப் பட்டை தீட்டி ஏறத்தாழப் பாதியாகச் சிறுக்கச் செய்தனர். திருவிதாங்கூர் மன்னர் உத்திரம் திருநாள் மார்த்தாண்ட வர்மர் விக்டோரியா அரசிக்கு அனுப்பிய தந்தச் சிங்காதனமும் அங்கே பொலிந்தது. பொருட்காட்சியின் நிறைவு விழாவில் ஆல்பர்ட் இளவரசர் அமர்ந்தது அச்சிங்காதனத்திலேதான்.

நம் நெசவாளரின் மெல்லிய துணிகளையும் உலோக வேலைப்பாடுகளையும் கண்டு ஐரோப்பியக் கலையறிஞர்கள் வியந்தனர். மாளிகையின் உட்புறத்துக்கு வண்ணம் தீட்டிய ஓவன் ஜோன்ஸ் என்பவர், எந்த வண்ணத்தை எங்கே வைப்பது என்பதில் இந்தியத் தொழிலாளருக்குத் தவறாத கண் உண்டு என்று கருதினார். 1856-இல் அவர் வெளியிட்ட அலங்காரக் கலை நூலில் இந்தியக் கோலங்களுக்குத் தனி இடம் தந்தார். பொருட்காட்சி முடிந்ததும், வருங்கால மாணவர்களுக்கு வழிகாட்டியாக வைப்பதற்கென்று அரசாங்கப் பணத்தால் வாங்கிய பொருள்களுள் இந்தியப் பொருள்கள் கணிசமானவை. ஆனால் அதே மாளிகையின் இன்னொரு பகுதியில், லங்காஷயரின் பஞ்சாலை இயந்திரங்கள் நீராவியின் விசையால் இரைந்துகொண்டிருந்தன. நம் நெசவாளரின் பிழைப்பைப் பறித்துக்கொண்டிருந்தவை அத்தகைய இயந்திரங்களே. நெய்த துணிக்குப் பாராட்டு. நெய்த கைக்கு வேலையில்லை. கம்பெனியின் பெயராலும் மன்னர்களின் பெயராலும் வைக்கப்பட்ட அப்பொருள்களைச் செய்தவரின் பெயர்கள் பெரும்பாலும் எங்கும் காணப்படவில்லை. பளிக்கறையில் உருவம் தெரியும், குரல் கேட்காது என்றோம் அன்றோ? அவ்வியல்பு இப்பளிங்கு மாளிகைக்கும் இருந்தது.

பொருட்காட்சியின் முடிவில் செலவு போக 1,86,000 பவுன் மிஞ்சியது. அக்காலத்தில் இது பெருந்தொகை. அதைப் பங்கிட்டுக்கொள்ளவோ வேறொரு விழாவிற் செலவிடவோ அரசுக் குழுவினர் முனையவில்லை. ஹைடு பார்க்குக்குத் தெற்கே, சவுத் கென்சிங்டன் என்னும் பகுதியில் நிலம் வாங்கினர். விக்டோரியா ஆல்பர்ட் காட்சிச்சாலை, இயற்கை வரலாற்றுக் காட்சிச்சாலை, அறிவியற் காட்சிச்சாலை, இம்பீரியல் கல்லூரி, ஆல்பர்ட் மண்டபம் ஆகிய அனைத்தும் பிற்காலத்தில் அந்நிலத்திலே எழுந்தன. 1891 முதல் அறிவியல் ஆராய்ச்சிக்கு உதவிச் சம்பளமும் வழங்கலாயினர். நியூஜீலந்திலிருந்து ரதர்போர்டு 1895-இல் கேம்பிரிட்ஜ் சென்றது அவ்வுதவியாலே. நம் நாட்டு ஹோமி பாபாவுக்கும் 1936-இல் அது கிடைத்தது. அந்தக் குழு இன்றளவும் இயங்கி வருகிறது.

இனி மாளிகையின் இரண்டாம் வாழ்வைப் பார்ப்போம். பூங்காவிலிருந்து அதை அகற்றுவது என்பது தொடக்கத்திலேயே தந்த வாக்கு. அவ்வாக்கு காப்பாற்றப்பட்டது. ஆனால் பாக்ஸ்டனும் அவர் நண்பர்களும் கம்பெனி ஒன்று தொடங்கி, இரும்பையும் கண்ணாடியையும் விலைக்கு வாங்கி, லண்டனுக்குத் தெற்கேயுள்ள சிடனம் என்னும் குன்றின்மேல் மாளிகையை மீண்டும் எழுப்பினர். இம்முறை அது பந்தலன்று, அரண்மனை. கண்ணாடிப் பரப்பு ஏறத்தாழ இரு மடங்காயிற்று. வெர்சேல்ஸ் அரண்மனையை வெல்லும் வகையில் நீரூற்றுகள் வேண்டும் என்றனர். அவற்றுக்கு நீர் ஏற்றுவதற்காகப் புரூனல் 284 அடி உயரமுள்ள இரு கோபுரங்களை எழுப்பினார். 1853 ஆகஸ்டில் சாரம் சரிந்து 12 தொழிலாளர் உயிரிழந்தனர். 1854 ஜூன் 10-இல் மாளிகை திறக்கப்பட்டபோது செலவு 13 லட்சம் பவுன் அளவுக்கு ஏறியிருந்தது. ஹைடு பார்க்கில் ஒப்பந்தக்காரர்கள் கேட்ட தொகையை இதனோடு ஒப்பிட்டால் வேறுபாடு விளங்கும்.

வரவேண்டிய வருவாயோ வரவில்லை. உழைக்கும் மக்களுக்கு ஓய்வு கிடைப்பது ஞாயிற்றுக்கிழமை ஒன்றே. அந்நாளில் மாளிகையைத் திறக்கலாகாது என்று சமய ஒழுக்கம் பேணுவோர் வற்புறுத்தினர். பல்லாண்டுகள் அக்கதவு ஞாயிற்றுக்கிழமைகளில் மூடியே கிடந்தது. 1851-இன் வெற்றிக்கு ஷில்லிங் கொடுத்து வந்த எளிய மக்கள் அன்றோ காரணம்? அவர்கள் வரக்கூடிய ஒரே நாளில் கதவைச் சாத்திவிட்டு, மற்ற நாட்களில் நீரூற்றைப் பொங்கவிட்டு என்ன பயன்? 1866-இல் ஒரு தீயால் வடபுறப் பகுதி அழிந்தது. அதைத் திரும்பக் கட்டவும் பணமில்லை. கடன் பெருகி, 1911-இல் மாளிகை விற்பனைக்கு வரும் நிலை நேர்ந்தது. பிளிமத் பிரபு முன்வந்து பணம் தந்து காத்தார். 1913-இல் அது நாட்டின் உடைமையாயிற்று.

ஆயினும் அந்த ஆண்டுகள் வீணாயின என்று சொல்லுதல் முறையன்று. ஆயிரக்கணக்கானோர் சேர்ந்து பாடிய ஹாண்டல் இசை விழாக்கள் அங்கே நடந்தன. 1895 முதல் 1914 வரை இங்கிலாந்தின் கால்பந்துக் கோப்பை இறுதியாட்டங்கள் அதன் மைதானத்தில் ஆடப்பட்டன. தோட்டத்திலே, மறைந்துபோன பழங்கால விலங்குகளின் உருவங்களை முழு அளவிற் சமைத்து வைத்தார் வாட்டர்ஹவுஸ் ஹாக்கின்ஸ் என்னும் சிற்பி. அவ்வுருவங்களில் பிழை உண்டு. இகுவானடான் என்னும் விலங்கின் கட்டைவிரல் முள்ளை மூக்கின்மேற் கொம்பாக வைத்துவிட்டனர். என்றாலும் அத்தகைய விலங்குகளை மக்கள் கண்முன் நிறுத்திய முதல் முயற்சி அதுவே. முதல் உலகப் போரின்போது மாளிகை கடற்படை வீரரின் பயிற்சிக் கூடமாயிற்று. 1920-இல் போர்க் காட்சிச்சாலை அங்கே தொடங்கப்பெற்றது. 1933 முதல் பெயர்டு என்பவரின் தொலைக்காட்சி நிலையமும் அங்கே இயங்கியது. ஒரு வீடு பல தொழில் செய்து பிழைத்த கதை இது.

1936 நவம்பர் 30-ஆம் நாள் மாலை ஏழு மணியளவில், மேலாளர் சர் ஹென்றி பக்லண்ட் மாளிகையுள்ளே சிறு தீயொன்றைக் கண்டார். அன்று காற்று பலமாக வீசியது. பல்லாண்டு உலர்ந்த மரத்தளமும் தாரைகளும் சட்டங்களும் பற்றிக்கொண்டன. இரும்பும் கண்ணாடியும் எரியா. ஆனால் இந்தப் பந்தலில் மரமும் நிறைய இருந்தது என்பதைப் பலர் மறந்திருந்தனர். 89 தீயணைக்கும் வண்டிகளும் 400-க்கு மேற்பட்ட வீரர்களும் வந்தும் பயனில்லை. சில மணி நேரத்தில் நடுக்கூடம் பேரொலியுடன் சரிந்தது. காப்பீட்டுத் தொகை மறுபடியும் கட்டப் போதுமானதாயில்லை. எஞ்சிய இரு கோபுரங்களையும் இரண்டாம் உலகப் போரின்போது, 1941-இல், அகற்றிவிட்டனர். படிக்கட்டுகளும் சில சிலைகளும் தோட்டத்து விலங்குகளுமே இன்று அங்கே காண்பன.

தொடக்கத்தில் எழுந்த வினாவுக்கு இனி விடை கூறலாம். ஹைடு பார்க் மாளிகை, தான் எதற்காகப் பிறந்ததோ அதை அறிந்திருந்தது. காலம் குறைவு, பணம் அளவுக்குட்பட்டது, மரம் வெட்டக்கூடாது, முடிவில் நிலத்தைத் திருப்பித் தரவேண்டும் என்ற கட்டுப்பாடுகளே அதன் வடிவத்தைத் தந்தன. சிடனம் மாளிகைக்குப் பெருமை என்ற ஒன்றைத் தவிரத் திட்டமான நோக்கம் இல்லை. அதைக் காப்பதற்கு ஆண்டுதோறும் என்ன வேண்டும், யார் வருவர், எந்த நாளில் வருவர் என்ற கணக்கு பின்னாலே வந்தது. கட்டுவதற்குப் பணம் தேடியவர்கள் பேணுவதற்குத் தேடவில்லை.

கட்டடம் அழிந்தது, கட்டும் முறை அழியவில்லை. நியூயார்க்கில் 1853-இலும் மியூனிக்கில் 1854-இலும் அதைப் பின்பற்றிக் கண்ணாடி மாளிகைகள் எழுந்தன. அவ்விரண்டும்கூடத் தீக்கு இரையாயின. நமக்கு அண்மையிலே, பெங்களூர் லால்பாக் தோட்டத்தில், 1889-இல் அதை முன்மாதிரியாகக் கொண்டு தொடங்கிய கண்ணாடி வீடு இன்னும் நிற்கிறது. மலர்க் காட்சிகள் அதிலே நடைபெற்று வருகின்றன. உறுப்புகளை ஆலையிலே ஒரே அளவிற் செய்து, களத்திலே பொருத்தும் முறை இன்று உலகெங்கும் பாலங்களுக்கும் பள்ளிகளுக்கும் மருத்துவ மனைகளுக்கும் பயன்படுகிறது.

விழாக்களும் பொருட்காட்சிகளும் நம் நாட்டிலும் ஆண்டுதோறும் நடைபெறுகின்றன. அவற்றுக்காக எழும் வாயில்களும் மண்டபங்களும் கண்ணைக் கவர்கின்றன. பந்தல் பிரிந்த பிறகு என்ன எஞ்சுகிறது என்பதே கேட்கத்தக்க வினா. லண்டனில் எஞ்சியது கண்ணாடியன்று. கற்க விரும்புவோருக்குத் திறந்துவிட்ட நிலமும் நிதியுமே. அரைப் பருவம் நின்ற ஒரு பந்தலின் வருவாயில் 170 ஆண்டுகளுக்குப் பின்னும் ஓர் இளைஞர் ஆராய்ச்சி செய்கிறார் என்றால், அப்பந்தலை அழிந்தது என்று எப்படிச் சொல்வது? அதே வேளையில், அங்கே தன் துணியை மட்டும் அனுப்பித் தன் பெயரை அனுப்ப இயலாத நெசவாளனையும் நாம் மறத்தலாகாது. பொருளைக் காட்டும் மாளிகை சிறந்ததே. அப்பொருளைச் செய்தவனின் குரலும் கேட்கும் மாளிகை அதனினும் சிறந்தது. அத்தகைய மாளிகையை எழுப்பும் கடமை இன்னும் எஞ்சியிருக்கிறது.